மூன்றாந்தரம்

படிவத்தில் ஆறு கட்டங்கள்.
வரலாறு, கட்டடக்கலை, பக்கத்துக் கட்டடங்களோடு ஒட்டு,
ஊராருக்கு உள்ள பிடிப்பு, அசல்தன்மை, அரிதாயிருத்தல்.
பென்சிலால்தான் நிரப்புவேன்.
பேனா, கூட்டத்துக்குப் பிறகு.

ஷாம் ஷுய் போவில் அந்த நாலுமாடி
இரண்டு கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே
மூவர் இருக்கையில் நடுவில் மாட்டியவனைப் போலத்
தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது.
கீழே கைபேசி பழுதுபார்க்கும் கடை.
நடைபாதையில் கால் ஊன்றிய தூண்கள் நான்கு.
ஒன்றில், குழாய் அடைப்பு எடுக்கிறவர்
தன் எண்ணைப் பெயின்டால் எழுதியிருக்கிறார்.
அதை அடித்துவிட்டுத் தன் எண்ணை எழுதியிருக்கிறார்
அதே தொழிலில் இன்னொருவர்.

உச்சி முகப்பில் சாந்தில் புடைத்த ஓர் எழுத்து:
ஒரு கூரை, அதன்கீழ் ஒரு பெண்.
சேர்த்துப் படித்தால் அமைதி.
படம் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாடியில் ஔயோங்.
இரவுப் பேருந்து ஓட்டுகிறவர்.
நான் மணியடித்தது அவருடைய நடுராத்திரியில்,
பகல் பதினொன்றரைக்கு.
ஒரு வீட்டை ஐந்தாகத் தடுத்ததில்
அவர் பங்குக்கு வந்தது பால்கனி.
அலுமினியச் சட்டம், நீலக் கண்ணாடி,
கட்டில், குக்கர், கொக்கியில் சீருடை.

"எப்போது அடைத்தார்கள்?"
"நான் வருவதற்கு முன்பே.
அடைக்காமல் இருந்தால் நான் எங்கே படுப்பது?"

அசல்தன்மையில் இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.
தங்கத்துக்கும் வீட்டுக்கும் ஒரே விதி,
மாற்றினால் மாற்றுக் குறையும்.
ஊராரின் பிடிப்பு என்ற கட்டத்தில்
அந்தக் கட்டிலை எப்படி எழுதுவது?
தெரியாமல், தலையணை உறையின் நிறத்தை
ஓரத்தில் குறித்துவைத்தேன்:
மஞ்சள்.

"தரம் கொடுத்தால் லிஃப்ட் வருமா?"
வராது.
"வாடகை ஏறுமா?"
அது எங்கள் துறையில்லை.
"இடிக்காமலாவது விடுவார்களா?"
முதல் தரத்துக்கே 'முடிந்தவரை' என்றுதான் வாசகம்,
இது அநேகமாக மூன்றாவது என்றேன்.
"மூன்றாந்தரமா!" சிரித்துவிட்டார்.
"என்னோடு இருந்தவரைக்கும்
என் மனைவியும் அதையேதான் சொன்னாள்."

சொந்தக்காரர்கள் பதினோரு பேர்.
மூவர் வான்கூவரில்.
ஒருவர் செத்துப்போனது மற்றவர்களுக்கு
எங்கள் கடிதம் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.
பதில் கடிதம் எதுவும் வரவில்லை.
ஒன்பதாம் நாள் இரவோடிரவாக
மூங்கில் சாரம் வந்தது.
'விழும் அபாயம், அவசரப் பழுது' என்று ஒரு தாள்
தூணில், தொலைபேசி எண்களுக்கு மேல்.

உளி மேலிருந்து தொடங்கியிருக்கிறது.
பாதியில் விடிந்திருக்க வேண்டும்,
அல்லது பேசிய கூலி அதுவரைக்கும்தான்.
கூரை போய்விட்டது.
பெண் இருக்கிறாள்,
கால் மடக்கி, மழையில்.

கூரையின் ஒரு துண்டை ஔயோங் எடுத்துவந்து
கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்திருந்தார்.
"சாட்சிக்கு வேண்டுமா?"
காற்று பலமாக இருந்தது.
இருக்கட்டும் என்றேன்.

கூட்டத்தில் எங்களுக்குக் கிடைத்தது பதினேழு நிமிடம்.
பழைய படத்தைத் திரையில் போட்டேன், பிறகு புதியதை.
"இதில் எதற்குத் தரம் கேட்கிறீர்கள்?" என்றார் ஒருவர்.
நல்ல கேள்வி.
இரண்டுக்கும் நடுவிலுள்ள இரவுக்கு
என்று சொல்ல நினைத்து
பக்க எண்ணைச் சொன்னேன்.

மூன்றாம் தரம்.
ஏழுக்கு ஐந்து.

பேனாவால் எழுதி, பென்சிலை அழித்தேன்.
மஞ்சள், எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லாததால்
ரப்பர் அதன்பக்கம் போகவில்லை.

வேலை முடிய நேரமாகிவிட்டது. இரவுப் பேருந்து.
ஏறும்போது ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தேன்.
வேறு யாரோ.
மேல்தளத்தில் முன்னிருக்கை காலியாக இருந்தது.
கைக்கெட்டும் தூரத்தில்
பிறத்தியார் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் போயின,
எல்லாமே அடைத்த பால்கனிகள்,
எல்லாவற்றிலும் விளக்கு.